முதல் டிஸ்டார்ஷன் பெடல்: டிஎஸ்-1 வாங்கலாமா, ராட் வாங்கலாமா?

எலெக்ட்ரிக் கிட்டாருக்கு முதல் டிஸ்டார்ஷன் பெடல் (ஒலியைக் கரகரப்பாக்கும் காலடிப் பெட்டி) தேடுபவர்கள் பலரும் கடைசியில் இந்த இரண்டில்தான் வந்து நிற்கிறார்கள்: ஆரஞ்சு நிற பாஸ் டிஎஸ்-1, கறுப்புப் பெட்டியில் வரும் புரோகோ ராட். ஜப்பானின் டிஎஸ்-1 வந்தது 1978-ல். அமெரிக்காவின் கலமசூ ஊரில் பிறந்த ராட்டும் ஏறக்குறைய அதே காலத்துப் பெடல்தான். உள்ளே நடப்பதும் ஒரே வேலை: சிக்னலைப் பெருக்கி, டயோடுகளில் மோதவிட்டு, அலையின் தலையைச் சீவிவிடுவது. இரண்டிலும் மூன்றே குமிழ்கள். அப்புறம் எங்கே வித்தியாசம்?

டோன் குமிழில். டிஎஸ்-1-ல் அதை நடுவில் வைத்தால், 500 ஹெர்ட்ஸை ஒட்டிய மிட் பகுதி, அதாவது நடு ஒலிகள், பள்ளமாகிவிடும். வீட்டில் தனியாக வாசிக்கும்போது பிரமாண்டமாகக் கேட்கும். பேண்டோடு சேர்ந்தால் கதையே வேறு. அடிப்பகுதியை பேஸ் கிட்டார் எடுத்துக்கொள்ளும், உச்சத்தை சிம்பல்கள் எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு மிஞ்சும் இடத்தில்தான் அந்தப் பள்ளம்.

ராட்டின் ஃபில்டர் பள்ளம் தோண்டாது, உச்சத்தை மட்டும் குறைக்கும். திசைதான் தலைகீழ்: வலப்பக்கம் திருப்பினால் ஒலி மங்கும். பழைய ராட்களில் சிக்னலைப் பெருக்கிய எல்எம்308 ஐசி என்ற சிப் மந்தமானது. பெருக்கம் கூடக்கூட உச்ச ஒலிகளைத் தானே உதிர்த்துவிடும். அதனால்தான் அத்தனை கரகரப்பிலும் காது குத்துவதில்லை. ஆனால் அந்த ஐசிக்காகவே பழைய ராட்டுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம் என்பேன். புதிய ராட் 2 போதும்.

ஒரு சிங்கிள் காயில் பிக்கப் உள்ள கிட்டாரில், ராட்டின் டிஸ்டார்ஷன் குமிழைக் கடிகார முள் போல 10 மணி நிலையில் வைத்து, திறந்த ஜி கார்டை அடித்துப் பாருங்கள். கார்டின் உள்ளே இருக்கும் சுரங்கள் காதில் விழும். கிட்டார் வால்யூமை 10-லிருந்து 6-க்கு இறக்குங்கள், சொரசொரப்பு அடங்கும். டிஸ்டார்ஷன் 3 மணியைத் தாண்டினால் கார்டு குழம்பிவிடும். ஒற்றைத் தந்தி சோலோவுக்கு அந்தக் குழைவே அழகு.

டிஎஸ்-1-ஐ ஒதுக்கச் சொல்லவில்லை. விலை குறைவு, நீண்ட நாள் உழைக்கும், நிர்வாணா இசைக்குழுவின் கர்ட் கோபேன் காலடியில் இருந்த பெடல். ஏற்கெனவே ஒலி லேசாகக் கரகரக்கும் ட்யூப் ஆம்ப் இருந்தால் டிஸ்ட் 9 மணி, டோன் 9 மணி, லெவல் 2 மணி என்று வையுங்கள். பள்ளத்தை ஆம்பே நிரப்பிவிடும். அந்த வசதி இல்லாமல், பேண்டில் வாசிப்பவருக்கு என் ஓட்டு ராட்டுக்குத்தான். இறுக்கமான மெட்டல் ரிதம் மட்டுமே வேண்டுமென்றால் இரண்டும் சரிவராது, 1991-ல் வந்த பாஸின் மெட்டல் ஸோன் பெடலைப் பாருங்கள். எந்த மிட்டை ஏற்றுவது, இறக்குவது என்பதை அதில் நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.

கடைக்குப் போகும்போது உங்கள் கிட்டாரையே எடுத்துப் போங்கள். போனில் ஒரு டிரம்ஸ், பேஸ் டிராக்கை ஓடவிட்டு, அதன் மேல் வாசித்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.