ஃப்ளஷ் கட்டர்: கொக்கிக்குச் சரி, வளையத்துக்குத் தலைவலி

கம்பியின் முனை மட்டமாக விழும்படி வெட்டும் ஃப்ளஷ் கட்டர் விலை குறைந்திருக்கிறதே, காதுக் கொக்கியும், நகைப் பாகங்களைக் கோக்கும் சிறு வளையமும் செய்ய வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். பட்டறை மேசையில் வருடக்கணக்காகப் புழங்கும் கருவி என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

0.8 மி.மீ. வெள்ளிக் கம்பியில் கொக்கி செய்ய இதற்கு ஈடு கிடையாது. 45 மி.மீ. நீளத்தில் இரண்டு துண்டு. கட்டரின் தட்டைப் பக்கம் துண்டைப் பார்த்தபடி இருக்கட்டும். முனை மட்டமாக விழும். சாதாரணக் கட்டிங் பிளேயரில் வெட்டினால் முனை கூம்பிவிடும், அதை அரத்தில் ராவி முடிப்பதற்குள் ஜோடியின் நீளம் மாறிப்போகும். இதிலோ 400 நம்பர் எமரித் தாளில் நாலு தேய், அப்புறம் 1 மி.மீ. கப் பர்ரை (முனையை உருட்டும் கிண்ண வடிவ அரவி) முனையில் வைத்து ஒரு சுற்று. காதில் உறுத்தாது.

எரிச்சலெல்லாம் வளையத்தில்தான். அலகின் ஒரு பக்கம் மட்டுமே தட்டை, மறுபக்கம் சரிவு. அதனால் வெட்டிய இடத்தில் ஒரு முனை மட்டமாகவும், எதிர்முனை கூரை முகடு போல நசுங்கியும் நிற்கும். வளையத்துக்கோ இரு முனையும் மட்டமாக வேண்டும். கம்பியைத் தண்டில் சுற்றி எடுத்த சுருளின் நுனியைச் சீவி, கட்டரைத் திருப்பி, சீவிய இடத்துக்கு நேர் மேலே வெட்ட வேண்டும். சுருளில் மிஞ்சுவது மறுபடி முகடு முனை. திரும்பச் சீவு, திருப்பு, வெட்டு. 100 வளையத்துக்கு 200 வெட்டு! 1 மி.மீ. கம்பியில் 4 மி.மீ. உள்விட்ட வளையம் ஒன்றுக்கு 15.7 மி.மீ. கம்பி போகும். சீவலுக்கு அரை மி.மீ. என்றாலே நூற்றுக்கு 5 செ.மீ. வெள்ளி துணுக்காகிவிடுகிறது.

சீவாமல் ஒரே வெட்டில் எடுத்தால் இணைப்பில் இடுக்கு விழும். பற்றவைக்க உருக்கும் பற்றாசு அந்த இடுக்கை நிரப்பாது. இரு முகமும் தொட்டுக்கொண்டிருந்தால்தான் உள்ளே ஓடும். பற்றவைக்காத பித்தளை வளையம் என்றால் கோத்த நூல் அந்த இடுக்கு வழியே நழுவிவிடும்.

எஃகுக் கம்பி, மெமரி வயர் (வளைத்தாலும் பழைய சுருளுக்கே திரும்பும் கடினக் கம்பி) இரண்டையும் இந்த அலகில் வைக்கவே கூடாது. அலகின் விளிம்பில் ஒரு பள்ளம் விழுந்தால் அதன்பின் ஒவ்வொரு வெட்டிலும் அதே கோடு வரும். மூடிப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். அலகுகளுக்கு நடுவே ஒளி தெரிந்தால் அது வளைய வேலைக்கு உதவாது. தடித்த கம்பியை அலகின் நுனியில் வெட்டாமல் உள்ளே தள்ளி வெட்டுங்கள். வெட்டுத் துணுக்கு தெறிக்கும், பாதுகாப்புக் கண்ணாடி அவசியம்.

கொக்கிக்கு இவ்வளவு புகழ்ந்தும் என் பதில்: வளையம்தான் முக்கிய வேலை என்றால் வாங்காதீர்கள். அந்தப் பணத்தை நகை வேலைக்கான ரம்பச் சட்டத்தில் போடுங்கள். 4/0 என்ற மெல்லிய அளவுப் பிளேடு 0.22 மி.மீ. மட்டுமே தின்னும், இரு முகமும் ஒரே இழுப்பில் மட்டமாக வரும். பழகும்வரை பிளேடு உடைந்துகொண்டே இருக்கும். தேன்மெழுகு தடவுங்கள், டஜன் கணக்கில் வாங்கி வையுங்கள்.