அதிக பாரம்: அபராதம் போதுமா, இறக்க வேண்டுமா?

எம்-சாண்டைக் குவித்து ஏற்றி, தார்ப்பாயை இழுத்துக் கட்டிவரும் டிப்பரைப் பிடித்தால் இரண்டு வழி. மோட்டார் வாகனச் சட்டம் 194-வது பிரிவின்படி அபராதம் 20,000 ரூபாய். கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் மேலும் 2,000. வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அதே லோடோடு வண்டி கிளம்பினால் சாலைக்கு என்ன லாபம்? அச்சில் 20 சதவீதம் பாரம் கூடினாலே சாலைச் சேதம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். இறக்கத்தில் பிரேக்கும் சரியாகப் பிடிக்காது.

மிகைப் பாரத்தை இறக்கிவிட்டே அனுப்புவது தொல்லைதான்: இடம் வேண்டும், ஆள் வேண்டும், இன்னொரு வண்டி வேண்டும். என்றாலும் நான் இதன் பக்கம். இறக்காமல் வண்டியை விடக்கூடாது என்று அதே பிரிவே சொல்கிறது. அபராதத்தை வாடகையில் ஏற்றிவிடும் முதலாளிக்கு, ஒரு நடை வீணானால்தான் உறைக்கும்.