ஸ்டீல் வார்ப்புக்கு எந்த ஃபில்டர்: சிர்கோனியாவா, கார்பன் பிணைப்பா?

உருகிய உலோகத்தை அச்சில் ஊற்றும்போது கசடைப் பிடித்து நிறுத்த வைக்கும், துளைகள் நிறைந்த ஃபில்டரைப் பற்றித்தான் பேச்சு. வார்ப்பிரும்புக்குப் போடும் சிலிக்கான் கார்பைடு ஃபில்டரை இங்கே நினைக்கவே வேண்டாம். 1,600 டிகிரி செல்சியஸை ஒட்டி ஊற்றும் ஸ்டீலில் அது இளகிவிடும். சிர்கோனியா என்ற பீங்கானில் செய்த ஃபில்டர் 1,700 டிகிரி வரை தாங்கும், ஆனால் கனம், விலையும் கூடுதல், அப்புறம் முதலில் வந்து விழும் உலோகத்தின் சூட்டை நிறையவே உறிஞ்சிவிடுவதால், கொஞ்சம் ஆறிப்போன ஸ்டீலை ஊற்றினால் துளையிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். பீங்கான் துகள்களைக் கார்பனால் ஒட்டிச் செய்யும் கார்பன் பிணைப்பு ஃபில்டர் லேசு, சட்டென்று சூடேறி வழிவிடும். சிக்கல், கார்பன் கொஞ்சம் ஸ்டீலில் கரையும். சாதாரண கார்பன் ஸ்டீல் வால்வு பாடிக்கு அது ஒரு பொருட்டே இல்லை, கார்பன் 0.03 சதவீதத்தைத் தாண்டக்கூடாத சிஎஃப்3எம் ஸ்டெயின்லெஸ் என்றால் நான் சிர்கோனியாவைத்தான் எடுப்பேன். எதை வாங்கினாலும் சரி, ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். பொடி உதிர்ந்தால் அது வார்ப்புக்குள்தான் போகும், பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.