பிளெண்டரில் கார் ரெண்டர்: கும்பகோணத்திலிருந்து ஒரு பயன்பாட்டு அனுபவம்

கும்பகோணத்தில் சின்னதாக ஒரு டிசைன் கடை வைத்திருக்கிறேன். கார், வேனுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு முன்னால், ஒட்டினால் எப்படி இருக்கும் என்று டிராவல்ஸ்காரர்கள் படம் கேட்பார்கள். 2019-இல் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளின் 2.80 பதிப்பு வந்ததிலிருந்து இந்த வேலைக்கு அதுதான். இலவசம் என்பதற்காக எடுத்தது, இப்போது காசு கொடுத்து வேறு ஒன்று வாங்கும் எண்ணமே வரவில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரெண்டர் செய்த, அதாவது 3டி மாடலிலிருந்து படமாக்கிய கார் பொம்மை மாதிரி தெரிந்தால், பெரும்பாலும் குறை காரில் இல்லை, காரைச் சுற்றி இருப்பதில்தான். பெயிண்டும் கண்ணாடியும் எதிரில் இருப்பதை வாங்கிக் காட்டுகிற பொருள்கள். எதிரில் ஒன்றுமில்லை என்றால் அவை என்னத்தைக் காட்டும்? நிறையப் பேர் மாடலுக்கு மேல் மாடலாக டவுன்லோட் செய்துகொண்டே இருக்கிறார்கள். அந்த நேரத்தைச் சுற்றுப்புறத்துக்குக் கொடுக்கலாம்.

சுற்றுப்புறத்துக்கு எல்லோரும் போடுவது ஹெச்டிஆர்ஐ படம், அதாவது ஒரு இடத்தைச் சுற்றிலும் அதன் வெளிச்சத்தோடு பதிந்த 360 டிகிரி படம். பாலி ஹேவன் தளத்தில் தரமான படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. நானும் அவற்றைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தடவை டிராவல்ஸ்காரர் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, “வண்டி நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா நம்ம ஊர்ல நிக்கிற மாதிரி இல்லையே” என்றார். பின்னணியில் இருந்தது நம்மூர் ரோட்டின் போட்டோதான். கதவைப் பெரிதாக்கிப் பார்த்தால், அதில் தெரிந்தது ஊசியிலை மரங்களும் சரிவான கூரை வீடுகளும். அவருக்கு அது தனியாகக் கண்ணில் பட்டிருக்காது. ஆனால் ஏதோ ஒட்டவில்லை என்று கண் சொல்லிவிடுகிறது.

அதற்கப்புறம் சொந்தமாக எடுக்க ஆரம்பித்தேன். வலங்கைமான் தாண்டி நீடாமங்கலம் போகிற ரோட்டில், காலை வெயில் ஏறுவதற்குள் 360 டிகிரி கேமராவை டிரைபாடில் நிறுத்தி, ஒரே இடத்தில் இருட்டிலிருந்து வெளிச்சம் வரை வேறு வேறு எக்ஸ்போஷரில் எடுத்து ஒன்றாகச் சேர்ப்பேன். கேமரா ஆள் உயரத்தில் இருக்கக் கூடாது, கார் கதவின் உயரத்துக்கு இறங்க வேண்டும். எப்படி எடுத்தாலும் சூரியன் வெளுத்துப்போய் அதன் முழு வெளிச்சம் பதியாது, நிழல் மழுங்கிவிடும். அதனால் படத்தில் சூரியனை அழித்துவிட்டு, அதே இடத்தில் பிளெண்டரின் சன் லைட்டை வைக்கிறேன். வானத்தில் சூரியன் அரை டிகிரி அகலம்தான், சன் லைட்டின் ஆங்கிளும் அந்த அளவில் இருந்தால் நிழலின் ஓரம் சரியாக வரும்.

டெல்டாவில் மலை கிடையாது. வானமும் வயலும் சேரும் கோடு கதவுகள் நெடுக ஒரே நேராக ஓடும், நடுவில் தென்னைகள் கருப்பாகக் கீறிக்கொண்டு நிற்கும். காரின் வளைவு எங்கே திரும்புகிறது என்பதை அந்தக் கோடுதான் காட்டிக்கொடுக்கிறது. பருவமும் முக்கியம். மே மாதத்தில் வெடித்துக் கிடக்கும் வயலிலிருந்து கதவின் அடிப்பகுதிக்குப் பழுப்பு வெளிச்சம் ஏறும். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, தண்ணீர் வந்து, குறுவை நடவு முடிந்த வயலென்றால் கதையே வேறு. தேங்கி நிற்கும் தண்ணீரில் வானம் விழுந்து, கீழேயிருந்தும் வெளிச்சம் வரும். சம்பா தழைத்து நிற்கும்போது வெள்ளைக் காரின் அடிப்பகுதி லேசாகப் பச்சையடிக்கும். கலர் கரெக்‌ஷனில் இதையெல்லாம் கொண்டுவர முயன்றால் கார் முழுவதும் பச்சையாகிவிடும், அவ்வளவுதான்.

இதில் ஒரு சிக்கல். ஹெச்டிஆர்ஐ படத்தில் இருப்பதெல்லாம் எல்லையில்லாத தூரத்தில் இருப்பதாகத்தான் பிளெண்டர் எடுத்துக்கொள்ளும். காருக்கு இரண்டடி தள்ளியிருக்கும் ரோட்டோரம் கதவில் தப்பான இடத்தில் விழும். ஆகவே தார் ரோடு, புல் மண்டிய ஓரம், காயப்போட்ட நெல் என்று பக்கத்தில் இருப்பவற்றை நிஜ மாடலாகவே வைத்துவிட வேண்டும்.

பெயிண்டைப் பொறுத்தவரை, பொருளின் மேற்பரப்பை அமைக்கும் பிரின்சிபில்டு ஷேடரே போதும். மெட்டாலிக் கலர் அடியில், மேலே கோட் என்ற பளபளப்பு அடுக்கு. அலுமினியத் துகளுக்கு, கட்டம் கட்டமாகப் பிரியும் வோரோனாய் டெக்ஸ்சரை மிகப் பொடியாக நார்மலில் (மேற்பரப்பின் சாய்வைத் தீர்மானிக்கும் அமைப்பு) கொடுப்பேன், முழுக் காரும் தெரிகிற படத்தில் துகள் கண்ணுக்கே தெரியக் கூடாது. ஷோரூம் வண்டியிலும் கிளியர்கோட் கண்ணாடி மாதிரி இருப்பதில்லை, உற்றுப் பார்த்தால் ஆரஞ்சுத் தோல் போன்ற நெளிவு இருக்கும். அதற்கு லேசான நாய்ஸை (ஒழுங்கற்ற ஏற்ற இறக்கம்) கோட் நார்மலில் மட்டும் கொடுக்க வேண்டும், அடிக் கலரில் கொடுத்தால் தகரம் நசுங்கியதாகத் தெரியும்.

விளிம்புகளுக்கு பெவல், அதாவது முனையை மழுக்குவது, கட்டாயம். கத்தி மாதிரி கூரான விளிம்பு எந்தக் காரிலும் இல்லை. டயர் தரையைத் தொடும் இடம் கொஞ்சம் தட்டையாகி, பக்கவாட்டில் பிதுங்க வேண்டும், இல்லையென்றால் கார் மிதக்கும். புழுதியை எல்லா இடத்திலும் தூவாதீர்கள், சக்கரம் வாரியடிக்கும் இடத்தில் மட்டும் போதும். டிராவல்ஸ் வண்டி என்றால் மஞ்சள் நம்பர் பிளேட், பானெட்டில் பூஜை போட்ட சந்தனமும் குங்குமமும். அந்தப் பொட்டு கொஞ்சம் வழிந்து காய்ந்திருந்தால் இன்னும் நம்புவார்கள்.

2023-இல் வந்த பிளெண்டர் 4.0-இல், ரெண்டரின் வெளிச்சத்தைத் திரைக்கான நிறமாக மாற்றும் ஏஜிஎக்ஸ் இயல்பான அமைப்பாக வந்தது எனக்குப் பெரிய உதவி. சிவப்புக் காரில் வெயில் படும் இடம் அப்பிய சிவப்பாக நிற்காமல், கேமராவில் எடுத்ததுபோல மெல்ல வெளுக்கிறது. ஆனால் ஸ்டிக்கரில் இருக்கும் கம்பெனி கலர் மங்கலாகத் தெரியும், கஸ்டமரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

குறை என்றால், பிளெண்டரின் வேகமான ரெண்டர் எஞ்சினான ஈவி (Eevee), கார் வேலைக்கு ஆகாது. 4.2-இல் நன்றாக முன்னேறியிருக்கிறது, ஆனாலும் ஃப்ரேமுக்கு வெளியே இருக்கும் மாடல்களின் பிம்பத்தை அதனால் சரியாகக் காட்ட முடிவதில்லை, காருக்கு வேண்டியதே அதுதான். கேமரா கோணம் பார்க்க ஈவி, கடைசிப் படத்துக்கு, ஒளியின் பாதையைக் கணக்கிடும் மெதுவான எஞ்சினான சைக்கிள்ஸ். படத்தின் புள்ளிகளைத் துடைக்கும் டினாய்ஸரை நம்பி, சாம்பிளை (ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒளியைக் கணக்கிடும் தடவைகளை) ரொம்பக் குறைத்தால் பெயிண்டின் துகளையும் புழுதியையும் சேர்த்தே துடைத்துவிடும்.

கார் ஓடுகிற மாதிரி அனிமேஷன் செய்பவர்கள் நேராக வீடியோ ஃபைலாக ரெண்டர் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனி இஎக்ஸ்ஆர் (EXR) வகைப் படமாகச் சேமியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் காற்றும் மழையுமாகக் கரண்ட் போனால் ஒரு ஃப்ரேம்தான் போகும், வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.