தறித் தெருவில் சத்தமில்லாத ஒரு பெட்டி

எங்கள் வீடு கோயமுத்தூர் பக்கம் சோமனூரில். மூன்று பக்கமும் தறிக் குடோன். பிறந்ததிலிருந்து அந்த 'டடக் டடக்' சத்தத்தில் தூங்கிப் பழகியவன், டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் கையகலப் பெட்டி சத்தம் போடுகிறது என்று புலம்பினால் யாரும் சிரிப்பார்கள். மச்சான் சிரித்தார். ஆனால் 2025-ல் கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்தினார்களே, அப்போதுதான் எனக்கே உறைத்தது. தெரு முழுக்க அமைதி. ராத்திரி ஏதோ பழைய படம் ஓடுகிறது, பின்னணியில் 'ங்ஙீ' என்று ஒரு ரீங்காரம். கொசு என்று நினைத்து அம்மா மட்டையோடு எழுந்துவிட்டார். கொசு இல்லை, மினி பிசி என்கிற அந்தக் குட்டிக் கம்ப்யூட்டரின் ஃபேன்.

அந்த தீபாவளிக்கு 43 அங்குல டிவி போய் 65 அங்குலம் வந்தது. பெட்டியையும் மாற்றிவிடலாம் என்று அப்போதுதான் உட்கார்ந்து யோசித்தேன். எங்கள் வீட்டில் பார்ப்பது இரண்டு வகை. அம்மாவுக்கு ஓடிடியில் சீரியல். அப்பாவுக்கும் எனக்கும் 4 டிபி ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் சரக்கு: டிவிடியிலிருந்து எடுத்து வைத்த படங்கள், கேசட்டிலிருந்து மாற்றிய கல்யாண வீடியோக்கள், கொஞ்சம் 4கே. ஓடிடிக்கு டிவியிலேயே ஆப் இருக்கிறது, போதும். டிஸ்க்கை டிவியின் யூஎஸ்பியில் நேராகச் செருகினால்தான் தகராறு. டிடிஎஸ் என்ற வகையில் ஒலி பதிந்த படங்கள் ஊமையாகிவிடும். இப்போது வரும் பல டிவிகளில் அந்த வசதி கிடையாது. கல்யாண வீடியோவில் யாராவது வேகமாகத் திரும்பினால் முகம் சீப்புப் பல் மாதிரி வரிவரியாகப் பிரியும். 43-ல் கண்ணில் படாதது, 65-ல் உறுத்தியது.

ஃபயர் டிவி ஸ்டிக் போன்ற குச்சிகள் விலை குறைவு, ஃபேனும் இல்லை. ஓடிடி மட்டும் என்றால் அது போதும். டிஸ்க்கை மாட்ட இடமில்லாததால் தனி ஒயர், தனி அடாப்டர் என்று வால் நீண்டுகொண்டே போகும். விட்டுவிட்டேன். என்விடியா ஷீல்டு டிவி ப்ரோவைப் பற்றி எல்லோரும் நல்லதாகவே சொல்கிறார்கள். ஆனால் அது 2019-ல் வந்த சாதனம், உள்ளே ஒரு குட்டி ஃபேனும் உண்டு. கையில் வைத்துப் பார்த்ததில்லை, அதனால் மேற்கொண்டு பேசமாட்டேன்.

கடைசியில் மிஞ்சியவை மூன்று: ஏற்கெனவே இருந்த மினி பிசி, ஆப்பிள் டிவி என்ற பெட்டி, ராஸ்பெர்ரி பை என்கிற ஒற்றைப் பலகைக் கம்ப்யூட்டர்.

மினி பிசியைக் குறை சொல்ல மனசு வரவில்லை. இன்டெல் என்100 சிப், 6 வாட்தான், எந்த ஃபைலைக் கொடுத்தாலும் ஓட்டும். பிரவுசர் இருக்கிறது, கணக்கும் எழுதலாம். டிவி ரிமோட்டுக்குக் கட்டுப்படாது, சோபாவில் கீபோர்டு கிடக்கும், அதுகூடப் பழகிவிட்டது. என்னைத் தோற்கடித்தது பஞ்சு.

தறி ஓடும் ஊரில் தூசி என்றால் மண் தூசி இல்லை, நூலிலிருந்து பறக்கும் பஞ்சு. ஜன்னல் கம்பியில், சீலிங் ஃபேன் இறக்கையில், சாமி படத்துச் சட்டத்தில் எல்லாம் வெள்ளையாகப் படியும். ஃபேன் உள்ள எந்தப் பெட்டியும் அதை இழுத்து விழுங்கும். ஒருநாள் பெட்டியைக் கவிழ்த்து, ரப்பர் காலுக்கு அடியில் இருந்த நாலு ஸ்க்ரூவைக் கழற்றினேன். சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் வாயில் படிந்திருந்ததை நகத்தால் நெம்பினால், உதிரவில்லை. தபால்தலை அளவில் ஒரே துண்டாக உரிந்து வந்தது. இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் துண்டு நெய்து கொடுத்திருக்கும் போல. பெயின்ட் பிரஷ், சைக்கிள் பம்பு என்று இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இதே வேலை. மூன்றாவது தடவைக்குப் பிறகு ஃபேன் சுத்தமாகத்தான் இருந்தது, சத்தம் மட்டும் போகவில்லை. பேரிங் தேய்ந்துவிட்டது. கோயமுத்தூரில் ஒரு கடையில் காட்டினேன். "இதுக்கு ஃபேன் மட்டும் தனியா வராதுங்ணா, போர்டோட மாத்தோணும்" என்றார் அந்தத் தம்பி. ஃபேனின் நம்பரைத் தேடி ஆன்லைனில் வரவழைக்க மூன்று வாரம் ஆனது. போட்டேன், அமைதியானது. இரண்டு மாதம்.

அப்புறம்தான் புரிந்தது. புதிதாக வாங்கும்போது எல்லாப் பெட்டியும் அமைதியாகத்தான் இருக்கும். டெசிபல் பார்த்து ஃபேன் பெட்டி வாங்குவதில் அர்த்தமே இல்லை. இரண்டு வருஷம் கழித்து, ஏசி போட்டுச் சீலிங் ஃபேனை நிறுத்திய ராத்திரியில் அது எப்படி இருக்கும் என்பதுதான் கேள்வி. அதனால் ஃபேன் உள்ள எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

ஆப்பிள் டிவி 4கே அந்த வடிகட்டலில் தேறியது. 2022 மாடலில் ஃபேனை எடுத்துவிட்டார்கள். மச்சான் வீட்டிலிருந்து இரண்டு வாரம் இரவல் வாங்கிப் பார்த்தேன். வழவழவென்று ஓடுகிறது, அம்மாவுக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் யூஎஸ்பி துளையே கிடையாது, நெட் ஒயர் செருகும் லேன் துளை வேண்டுமென்றால் 14,900 ரூபாய் மாடல் போதாது, நான் பார்த்தபோது 16,900 மாடல் வாங்க வேண்டியிருந்தது. டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி என்ற உயர்தர ஒலி வகைகளை அப்படியே ஆம்ப்ளிஃபையருக்குக் கடத்தவில்லை. வீட்டில் டிஸ்க் இல்லாதவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதையே வாங்கலாம்.

நான் வாங்கியது ராஸ்பெர்ரி பை 4. ஐந்து வந்த பிறகும் ஏன் நான்கு என்று கேட்பார்கள். பை 5 வேகம்தான், ஆனால் சூடும் அதிகம். அதில் எச்.264 என்ற முறையில் சுருக்கிய வீடியோவைப் பிரிக்கும் தனி வன்பொருளை எடுத்துவிட்டார்கள், பிராசஸரே அந்த வேலையைச் செய்ய வேண்டும். என் டிஸ்க்கில் முக்கால்வாசி எச்.264. பை 4-ல் அதற்கும் வன்பொருள் இருக்கிறது, 4கே படங்களின் எச்.265 முறைக்கும் இருக்கிறது. எனக்கு வேண்டியது வேகமில்லை, சூடாகாமல் இருப்பது.

பலகையை மேலும் கீழும் கவ்வும் அலுமினிய உறை, அடாப்டர், 32 ஜிபி கார்டு எல்லாம் சேர்த்து ஏழாயிரத்தை ஒட்டி ஆனது. கார்டில் லிப்ரெஎலெக் என்ற சின்ன இயங்குதளம், ஆன் செய்தால் நேராகக் கோடி (Kodi) என்ற படம் ஓட்டும் மென்பொருள்தான் வரும். டிவி ரிமோட்டே இதற்கும் வேலை செய்கிறது, கீபோர்டு பரணுக்குப் போய்விட்டது. படம் நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுவதற்கு ஏற்ப டிவியின் வேகத்தை மாற்றும் அமைப்பை முதல் நாளே ஆன் செய்தேன். கேமரா மெதுவாக நகரும் காட்சிகளில் இருந்த திக்கல் போய்விட்டது. கல்யாண வீடியோவின் சீப்புப் பல்லும் போனது. வெளிச்சத்தையும் நிறத்தையும் எடுப்பாகக் காட்டும் வகைகளில் டால்பி விஷன் வராது, எச்டிஆர்10-தான். வித்தியாசம் தெரியும் என்பவர்களோடு நான் வாதிடவில்லை.

ஒரு தப்புக் கணக்கு போட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியை அமைதியாக்கியதும் டிஸ்க் பேச ஆரம்பித்துவிட்டது. மூன்றரை அங்குல டிஸ்க், மர ஸ்டாண்டு மேல் உட்கார்ந்தால் மரமே சேர்ந்து முனகும். இத்தனை நாள் ஃபேன் சத்தத்தில் அது மறைந்திருந்தது. டிஸ்க்கை உள் அறையில் ரவுட்டரின் யூஎஸ்பிக்கு மாற்றி, அங்கிருந்து 15 மீட்டர் லேன் ஒயர் இழுத்தேன். 60 ஜிபி உள்ள இரண்டு மணி நேரப் படத்துக்கு நொடிக்கு 70 மெகாபிட் கூடத் தேவையில்லை. வைஃபையில் நடுவில் நின்றது, ஒயரில் இதுவரை நிற்கவில்லை.

எஸ்டி கார்டு கரண்ட் போனால் கெட்டுவிடும் என்று பயமுறுத்துவார்கள். பயம் நியாயம்தான். லிப்ரெஎலெக்கில் சிஸ்டம் பகுதி படிக்க மட்டும் என்று பூட்டி இருப்பதால் கொஞ்சம் ஆறுதல். இருந்தாலும் இன்வெர்ட்டர் லைனில் மாட்டி, கார்டுக்கு ஒரு நகல் எடுத்து டிவிக்குப் பின்னால் செல்லோடேப்பில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

உறை மேல் இப்போதும் பஞ்சு படிகிறது. வாரம் ஒருமுறை, சாமி படம் துடைக்கிற அதே துணியால் அம்மா ஒரு இழுப்பு இழுத்துவிடுகிறார், அவ்வளவுதான் பராமரிப்பு. 80 டிகிரியில் பை தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிப்ரவரிக் கடைசி மதியத்தில் 4கே படம் ஓட்டி நான் பார்த்த அதிகபட்சம் 58. ஆனால் இது இன்னும் ஒரு மே மாதத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடிக் கதவு போட்ட தட்டிலிருந்து எடுத்து, அதற்கு முன்பே டிவிக்குப் பின்னால் சுவரில் திறந்தபடி மாட்டிவிட வேண்டும். ஸ்க்ரூ வாங்கி வைத்தாயிற்று, அப்பாதான் புதுச் சுவரில் ஓட்டை போட விடமாட்டேன் என்கிறார்.