ஆட்ரி ஹெப்பர்னும் மர்லின் மன்றோவும்: ஏறி வந்த படிகள்

இருவரும் ஹாலிவுட் நடிகைகள். மூன்றே வயது வித்தியாசம். தந்தையின் நிழல் இருவருக்குமே நிலைக்கவில்லை.

ஆட்ரி 1929இல் பிரஸ்ஸல்ஸில் பிறந்தவர். தாய் டச்சுப் பிரபுக் குடும்பம். ஆனால் 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் அந்தப் பெருமை சோறு போடவில்லை. அப்போது அவர் இருந்த நெதர்லாந்தில் மக்கள் துலிப் பூவின் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த காலம் அது. உயரமும் பலவீனமும் பாலே நடனக் கனவைத் தடுக்க, லண்டன் மேடைகளில் கோரஸ் பெண்ணாக, அதாவது குழுவில் ஒருவராக, ஆடினார். 1951இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடை. 1953இல் 'ரோமன் ஹாலிடே' படம், அதற்கு ஆஸ்கர்.

மர்லினுக்கு ஏது அந்த வேகம்? லாஸ் ஏஞ்சலிஸில் நார்மா ஜீனாகப் பிறந்தவர், தாய் மனநோயால் மருத்துவமனை போய்விட, வளர்ப்பு வீடுகளிலும் அநாதை இல்லத்திலும் வளர்ந்தார். 16 வயதில் கல்யாணம். போர்க்காலத்தில் ஆளில்லா விமானத் தொழிற்சாலையில் வேலை. அங்கே படமெடுக்க வந்த ராணுவப் புகைப்படக்காரர் கண்ணில் பட்டதுதான் திருப்பம். 1946இல் ஃபாக்ஸ் பட நிறுவனத்துடன் ஒப்பந்தம், புதுப் பெயர்.

என்னைக் கேட்டால், மர்லின் ஏறியதுதான் செங்குத்தான பாதை. ஆஸ்கர் பரிந்துரைகூட அவருக்குக் கிடைத்ததில்லை. அப்படியும், உலகமே அறிந்த நட்சத்திரமான பிறகு நியூயார்க் போய், 1955இல் ஆக்டர்ஸ் ஸ்டுடியோ என்ற நடிப்புப் பயிற்சிக் கூடத்தில் மாணவியாக உட்கார்ந்தாரே!