மோரில்லைத் தேடிப் படிக்க: அமெரிக்கக் காங்கிரஸின் இலவச ஆவணத் தளங்கள் எப்படி?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் வேளாண் படிப்புக்குக் கோவைக்குப் போனாலும் சரி, கேரள வேளாண் பல்கலைக்கழகம் இருக்கும் வெள்ளானிக்கரைக்குப் போனாலும் சரி, விரிவாக்கப் பாடத்தில் (ஆராய்ச்சி முடிவுகளை உழவர்களிடம் கொண்டுசேர்ப்பது பற்றிய பாடம்) ‘மோரில் சட்டம், 1862’ என்று ஒரு வரியைச் சந்திக்காமல் இருக்க மாட்டார்கள். நம் மாநில வேளாண் பல்கலைக்கழகங்களின் அமைப்புக்கு முன்மாதிரி அமெரிக்காவின் நிலக்கொடைக் கல்லூரிகள், அதாவது அரசு கொடுத்த பொது நிலத்தை விற்ற பணத்தில் அந்தச் சட்டத்தின்படி நடத்தப்பட்ட கல்லூரிகள். அந்த வடிவில் 1960இல் பந்த்நகர் முதலில் வந்தது; ஆந்திரத்தின் வேளாண் பல்கலைக்கழகம் 1964இல்; கோவையும் கேரளமும் 1971இல். ஆனால் ஜஸ்டின் ஸ்மித் மோரில் யார், எப்படி அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார் என்று தமிழில் தேடினால் அந்த ஒற்றை வரிதான் திரும்பத் திரும்பக் கிடைக்கும். மூல ஆவணங்களோ கைப்பேசியிலேயே காசில்லாமல் கிடக்கின்றன. எது எதற்கு உதவும், எங்கே கால் வழுக்கும் என்பதைப் பார்ப்போம்.

முதல் வாசல், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் வாழ்க்கைக் குறிப்புத் தளமான ‘பயோகைட்’. 1774 முதல் அங்கம் வகித்த எல்லோருக்கும் தனிப் பதிவு உண்டு. மோரில்லுக்கு வேண்டிய எலும்புக்கூடு அதில் இருக்கிறது: 1810 ஏப்ரல் 14இல் வெர்மான்ட் மாநிலத்து ஸ்ட்ராஃபோர்டில் பிறப்பு, கடைக் குமாஸ்தா, பிறகு வியாபாரி, பிறகு விவசாயி, 1855 முதல் 1867 வரை கீழவை, 1867 முதல் 1898 டிசம்பர் 28இல் இறக்கும்வரை செனட். இடைவெளி இல்லாமல் ஏறக்குறைய 44 ஆண்டுகள். ‘மெர்க்கன்டைல் பர்சூட்ஸ்’ என்ற சொல்லைப் பார்த்து மிரள வேண்டாம். கடை வைத்திருந்தார் என்பதுதான் பொருள். இரும்புக் கொல்லரின் மகன், கல்லூரிக்குப் போக வசதியில்லாதவர் என்ற செய்திகளைத் தெரிந்துகொண்டு இந்தப் பதிவைப் படித்தால்தான், கல்லூரிகளுக்காக ஏன் அப்படிப் பிடிவாதம் பிடித்தார் என்பது உறைக்கும். பதிவின் அடியில் அவருடைய கடிதங்கள் எந்தெந்த நூலகங்களில் உள்ளன என்ற பட்டியலும் வரும். ஆய்வு செய்பவர்களுக்கு அது பெரிய உபகாரம்.

அதைத் தாண்டி அவருடைய சட்டசபை வாழ்க்கையைப் படிக்க, விவாதப் பதிவுக்குத்தான் போக வேண்டும். 1833 முதல் 1873 வரையிலான விவாதங்களுக்குக் ‘காங்கிரஷனல் குளோப்’, அதற்குப் பிறகு ‘காங்கிரஷனல் ரெக்கார்ட்’. குளோப்பின் பக்கப் படங்களைக் காங்கிரஸ் நூலகம் தருகிறது. வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மின்நூலகத்திலும் உண்டு. சொல் போட்டுத் தேட இரண்டாவது வசதி. செய்தித்தாள் போலப் பக்கத்துக்கு மூன்று நெட்டுப் பத்தி, பொடி எழுத்து. கணினி பக்கப் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும்போது பழைய அச்சில் தடுமாறும். அதனால் தேடலில் ஒன்றும் வராவிட்டால் ‘இல்லை’ என்று முடிவு கட்டாதீர்கள். அந்தந்தத் தொகுதியின் முன்னால் இருக்கும் பெயரகராதியைத் திறந்து பக்க எண்ணைப் பிடித்துப் போவதே நம்பகமான வழி. பின்னிணைப்பைத் தனியாகப் பார்க்க வேண்டும். நீண்ட உரைகள் பல அங்கேதான் ஒதுங்கியிருக்கும்.

இங்கே பலரும் சறுக்குவது பெயரில். 1860களில் காங்கிரஸில் மோரில்கள் பலர். மெய்ன் மாநிலத்து லாட் மோரில் செனட்டில் இருந்தார். அவருடைய அண்ணன் ஆன்சன் மோரில் 1861 முதல் 1863 வரை கீழவையில் நம்மவரோடு ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருந்தார். 1867க்குப் பிறகு ஜஸ்டினும் லாட்டும் செனட்டில் சேர்ந்தே இருந்தார்கள். குளோப் இவர்களை ‘மோரில், வெர்மான்ட்’, ‘மோரில், மெய்ன்’ என்றுதான் பிரிக்கிறது. மாநிலப் பெயரைப் பார்க்காமல் எடுத்தால் ஒருவர் பேச்சை இன்னொருவர் வாயில் வைத்துவிடுவீர்கள்.

அடுத்த சறுக்கல் இன்னும் பெரிது. மோரில் தன் மசோதாவை முதலில் கொண்டுவந்தது 1857 டிசம்பரில், 35ஆம் காங்கிரஸில் (இரண்டாண்டுக்கு ஒரு காங்கிரஸ் என்று எண்ணுவார்கள்). கீழவை 105க்கு 100 என்று நூலிழையில் நிறைவேற்றியது. செனட் 25க்கு 22. 1859 பிப்ரவரியில் ஜனாதிபதி புக்கானன் அதைத் தடுத்தார்: கருவூலத்துக்கு இழப்பு, மாநிலங்கள் மத்திய அரசையே நம்பிக் கிடக்கும், அரசியல் சட்டம் இடம் தரவில்லை என்ற காரணங்களோடு. 1861இல் மோரில் மறுபடி கொண்டுவந்தபோது கீழவையின் பொது நிலக் குழு பாதகமாகவே அறிக்கை தந்தது. கடைசியில் சட்டமானது, ஒஹையோவின் பெஞ்சமின் வேட் செனட்டில் முன்வைத்த மசோதா! ஆகவே 37ஆம் காங்கிரஸ், இரண்டாம் அமர்வில் மோரில் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் முக்கால்வாசி கதை கைக்கு வராது. வேட் பெயரிலும் தேடுங்கள். 1862 ஜூனில் செனட் 32க்கு 7, கீழவை 90க்கு 25; ஜூலை 2இல் லிங்கன் கையெழுத்து. இடையில் என்ன மாறியது? எதிர்த்து வாக்களித்த தென்மாநிலத்தார் பெரும்பாலும் ஒன்றியத்தை விட்டுப் பிரிந்து போய்விட்டார்கள், ஜனாதிபதியும் மாறிவிட்டார். இரண்டு வாக்கெடுப்புப் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். இந்தத் தளங்களின் மதிப்பு அங்கேதான். எந்த வழிகாட்டி நூலும் இப்படிக் காட்டாது.

சட்டத்தின் வாசகத்துக்கு, காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டங்களின் தொகுப்பான ‘ஸ்டாட்யூட்ஸ் அட் லார்ஜ்’ 12ஆம் தொகுதி, 503ஆம் பக்கம். எட்டே பிரிவுகள். ஒரு மாநிலத்துக்கு எத்தனை செனட்டரும் பிரதிநிதியும் உண்டோ, தலைக்கு 30,000 ஏக்கர். கணக்கு 1860 குடிக்கணக்குப்படி. நான்கு பேர் கொண்ட ரோட் ஐலண்டுக்கு 1,20,000 ஏக்கர், 33 பேர் கொண்ட நியூயார்க்குக்கு 9,90,000. தன் எல்லைக்குள் பொது நிலம் இல்லாத மாநிலத்துக்கு, வேறிடத்துப் பொது நிலத்துக்கு உரிமை தரும் நிலச் சீட்டு தரப்பட்டது. அதை விற்றுத்தான் பணமாக்க வேண்டும். விற்ற பணத்தை 5 சதவீதத்துக்குக் குறையாத வட்டியில் போட வேண்டும். கட்டடத்துக்கு ஒரு காசும் எடுக்கக் கூடாது. இடம் வாங்க 10 சதவீதம் வரை எடுக்கலாம். ஐந்தாண்டுக்குள் ஒரு கல்லூரியாவது நடக்க வேண்டும். நான்காம், ஐந்தாம் பிரிவுகளை அகராதி வைத்துக்கொண்டாவது முழுதாகப் படியுங்கள்.

பாடக் குறிப்புகளில் பரவியிருக்கும் ஒரு தவறும் இங்கே திருந்திவிடும். கல்வி, ஆராய்ச்சி, விரிவாக்கம் மூன்றையும் மோரில் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள். 1862 சட்டம் கல்விக்கு. ஆராய்ச்சி நிலையங்களுக்கு 1887இன் ஹாட்ச் சட்டம். விரிவாக்கத்துக்கு 1914இன் ஸ்மித்-லீவர் சட்டம். மோரில்லின் இரண்டாவது சட்டம் 1890இல் வந்தது: ஆண்டுக்கு 15,000 டாலரில் தொடங்கி 25,000 வரை உயரும் பணம், சேர்க்கையில் இனம் பார்க்கக் கூடாது, பார்த்தால் கறுப்பின மாணவர்களுக்குத் தனிக் கல்லூரி வைத்துப் பணத்தை நியாயமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அவருடைய சுங்க வரிச் சட்டமும் உண்டு: லிங்கன் பதவியேற்க இரண்டு நாள் முன்பு, 1861 மார்ச் 2இல், அவர் மசோதாவைத் தடுத்த அதே புக்கானன் அதில் கையெழுத்திட்டார்.

குறை என்றால், இந்தத் தளங்கள் எதிலும் அந்த நிலம் யாருடையது என்ற கேள்வி எழுவதே இல்லை. சட்டம் ‘பொது நிலம்’ என்கிறது. பழங்குடி மக்களிடமிருந்து எடுத்த நிலம் அது. ‘ஹை கன்ட்ரி நியூஸ்’ இதழ் 2020இல் வெளியிட்ட தரவுத்தளம் ஒரு கோடிக்கு மேற்பட்ட ஏக்கரை, ஏறத்தாழ 250 இனக்குழுக்கள் வரை துண்டு துண்டாகத் தடம் பிடித்திருக்கிறது. பழங்குடியினர் வாழும் மலம்புழா, அட்டப்பாடி பக்கத்திலிருந்து படிப்பவர்களுக்கு இதன் கனத்தை விளக்க வேண்டியதில்லை. மோரில்லைப் படிக்கும்போது அதையும் ஒரு சாளரத்தில் திறந்து வைத்திருங்கள்.

அச்செடுப்பவர்களுக்கு: குளோப் பக்கத்தை முழுதாக ஏ4 தாளில் எடுத்தால் எழுத்து கடுகாகிவிடும். பத்தி பத்தியாகப் படத்தை வெட்டி, பத்திக்கு ஒரு தாளாக அக்ஷயா மையத்திலோ ஜெராக்ஸ் கடையிலோ எடுங்கள். தாளின் மேல் காங்கிரஸ் எண், அமர்வு, பக்க எண் மூன்றையும் அப்போதே பேனாவால் எழுதிவிடுங்கள். வெட்டிய படத்தில் அவை இருக்காது.